கன்வெர்ட்டிபிள் காரில் புதிய ஹெட் யூனிட் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூடிய காரில் ஹெட் யூனிட்டை, அதாவது டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவை, மாற்றிப் பழகியவர்கள்கூட கூரை திறக்கும் கன்வெர்ட்டிபிளில் தடுமாறுவதுண்டு. வயர் இணைப்பு இரண்டு கார்களிலும் ஒன்றுதான். சிக்கல் வேறு இடங்களில் வருகிறது: பேட்டரியைக் கழற்றினால் இறங்க மறுக்கும் கதவுக் கண்ணாடி, பாதியில் நின்றுபோகும் கூரை, திரையில் நேராக விழும் வெயில், ரப்பர் சீலைத் தாண்டிக் கசியும் மழை, பாட்டை விழுங்கும் காற்றிரைச்சல். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பெரும்பாலும் டேஷ்போர்டை இரண்டாம் முறை பிரிக்க வேண்டியிருக்கும்.

1. வாங்கும் முன் அளவெடுங்கள்

டின் என்பது ஸ்டீரியோ முகப்பின் தர அளவு. சிங்கிள் டின் முகப்பு 180 × 50 மி.மீ., டபுள் டின் 180 × 100 மி.மீ. இதில் யாரும் தவறுவதில்லை. ஆழத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். சிடி செருகும் யூனிட் 160 மி.மீ. அளவுக்கு உள்ளே போகும். சிடி இல்லாத பல யூனிட்டுகள் 100 மி.மீ. அளவிலேயே முடிந்துவிடும். அதற்குப் பின்னால் பிளக்குகளுக்கும் வயர் வளைவுக்கும் இன்னொரு 50 மி.மீ. வேண்டும். 3, 4ஆம் படிகளில் சொன்னபடி பழைய யூனிட்டை வெளியே எடுத்து, டேஷ்போர்டின் முகப்பிலிருந்து பின்னால் முதலில் தட்டுப்படும் பொருள் வரை அளந்த பிறகே புதியதை வாங்குங்கள்.

அடுத்தது வெயில். பளபளக்கும் கண்ணாடித் திரை கடையில் அழகாகத் தெரியும். கூரையைத் திறந்து நண்பகலில் ஓட்டினால் அதில் உங்கள் முகம்தான் தெரியும். மேட் பூச்சுள்ள, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் மங்காத திரையைத் தேர்ந்தெடுங்கள். சிங்கிள் டின்னில் வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து வரும் டிஸ்ப்ளே, கறுப்புப் பின்னணியில் எழுத்து ஒளிர்வதைவிட வெயிலில் நன்றாகத் தெரியும். ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழ் கட்டாயம் இருக்கட்டும். சூடேறிய திரையைத் தடவித் தேடுவது ஓட்டும்போது ஆபத்து.

முகப்பைக் கழற்றி எடுக்கும் வசதி கன்வெர்ட்டிபிளுக்கு உண்மையாகவே பயன்படும். கூரை திறந்தபடி நிறுத்தினால் திருட்டும் வெயிலும் ஒரே பகுதியைத்தான் குறிவைக்கின்றன. அடிக்கடி நனையும் கார் என்றால் படகுகளுக்காகச் செய்யப்படும் மரைன் யூனிட்டுகளையும் பாருங்கள். அவற்றில் பல டின் அளவிலேயே வருகின்றன. சர்க்யூட் போர்டுக்கு ஈரம் தாங்கும் பூச்சும் இருக்கும்.

பெட்டியில் ‘4 × 50 வாட்’ என்று அச்சிட்டிருப்பது உச்சபட்ச அளவு. தொடர்ந்து கிடைப்பது ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 20 வாட் அளவில்தான். கூரை திறந்து நெடுஞ்சாலையில் போகும்போது அது போதாது. இன்றைக்குத் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்காவிட்டாலும், ஆம்ப்புக்குச் சிக்னல் தரும் ஆர்சிஏ ப்ரீ-அவுட்டுகளும், தாழ்ந்த ஒலியைத் தடுத்து உயர்ந்ததை மட்டும் விடும் ஹை-பாஸ் ஃபில்டரும் உள்ள யூனிட்டையே வாங்குங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்தும் டேஷ் கிட் (யூனிட்டைச் சுற்றிப் பொருந்தும் சட்டம்), வயரிங் ஹார்னஸ் அடாப்டர் (கார் பிளக்கையும் யூனிட்டின் வயர்களையும் சேர்க்கும் இணைப்பு), ஆன்டெனா அடாப்டர் ஆகிய மூன்றும் இல்லாமல், அளப்பதற்காகப் பிரிப்பதைத் தவிர, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள். ஹார்னஸ் இல்லாதவர்கள் கார் பக்கத்து பிளக்கை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய பிளக்கை மீட்பது, ஹார்னஸ் வாங்குவதைவிடப் பலமடங்கு வேலை.

கருவிகளில் மல்டிமீட்டர், பிளாஸ்டிக் நெம்புகோல்கள், பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், டார்க்ஸ் பிட்டுகள், 7 மற்றும் 10 மி.மீ. சாக்கெட், வயர் ஸ்ட்ரிப்பர், கனெக்டரை வயரோடு அழுத்திப் பிடிக்கும் ராட்செட் வகைக் கிரிம்ப் பிளையர் வேண்டும். சில கார்களில் பழைய யூனிட்டை வெளியே இழுக்க இரண்டு பக்கமும் செருகும் சாவிகள் தேவைப்படும்.

இணைப்புகளுக்கு, இரண்டு வயர் முனைகளைச் சேர்க்கும் சிவப்பு நிற பட் கனெக்டர் 20, சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், துணி டேப், சிறிது ஃபோம். சாதாரண பிவிசி இன்சுலேஷன் டேப் வேண்டாம். வெயிலில் நிற்கும் டேஷ்போர்டின் சூட்டில் அதன் பசை இளகி, சில மாதங்களில் அவிழ்ந்துவிடும். டேஷ்போர்டு கிளிப்புகளும் நான்கைந்து உபரியாக வாங்கி வையுங்கள். பல ஆண்டு வெயில் பட்ட பிளாஸ்டிக் எளிதில் முறியும்.

3. பேட்டரியைக் கழற்றும் முன்: கண்ணாடி, கூரை, டிக்கி

புதியவர்கள் தாவிச் செல்வது இந்தப் படியைத்தான்.

கன்வெர்ட்டிபிளின் கதவுக் கண்ணாடிக்கு மேலே சட்டம் கிடையாது. பல மாடல்களில் கதவைத் திறந்தவுடன் கண்ணாடி சுமார் ஒரு சென்டிமீட்டர் தானாக இறங்கும். மூடியதும் ஏறி சீலுக்குள் உட்காரும். பேட்டரி இல்லையென்றால் அது இறங்காது. அந்த நிலையில் கதவை அறைந்து மூடினால் ரப்பர் சீல் கிழியும், கண்ணாடியே உடையவும் வாய்ப்புண்டு. ஆகவே பேட்டரியைத் தொடும் முன் இரண்டு கண்ணாடிகளையும் முழுவதுமாக இறக்கிவிடுங்கள்.

மின்கூரை உள்ள காரில் கூரை முழுவதும் மூடியோ முழுவதும் திறந்தோ இருக்க வேண்டும். நடுவில் நிறுத்திவிட்டு மின்சாரத்தைத் துண்டித்தால், ஹைட்ராலிக் அழுத்தம் குறையக் குறையக் கூரை மெல்ல இறங்கும். அதன் அடியில் கை இருக்கலாம். மேலும், மின்சாரம் திரும்பியதும் கூரை எங்கே நிற்கிறது என்பது கன்ட்ரோல் யூனிட்டுக்குப் புரியாமல் போகலாம். வேலை செய்ய வசதி, கூரையைத் திறந்து வைப்பதுதான். வெளிச்சமும் கிடைக்கும், முதுகும் பிழைக்கும். ஆனால் கார் ஷெட்டுக்குள் நிற்கட்டும்.

பேட்டரி டிக்கிக்குள் இருந்து, டிக்கிப் பூட்டும் மின்சாரத்தில் இயங்குகிறது என்றால் டிக்கியைத் திறந்தே வையுங்கள். மூடிவிட்டால் பேட்டரியை மீண்டும் இணைக்க உள்ளே போக வழியிருக்காது.

பழைய ஸ்டீரியோவுக்குப் பாதுகாப்புக் குறியீடு உண்டென்றால் அதை இப்போதே எழுதி வையுங்கள். பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் அமைப்பின் கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை. உங்கள் கார் கையேடு அதைவிட அதிக நேரம் சொன்னால் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

4. பழைய யூனிட்டை எடுங்கள்

கியர் நாப், கன்சோல் ஓரம், ஏசி வென்ட், நடு பேனல் என்ற வரிசையில்தான் பெரும்பாலான கார்கள் பிரியும். சுற்றியுள்ள விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் கீறல் விழாது. வர மறுக்கும் பேனலில் எங்கோ ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது என்று பொருள். இழுக்காதீர்கள், தேடுங்கள். குளிரில் விறைத்த பிளாஸ்டிக்கை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் கிளிப் முறியாமல் வரும்.

யூனிட் வெளியே வந்ததும் பின்பக்க பிளக்குகள் எந்தெந்த இடத்தில் இருந்தன என்று படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

5. வயர்களை அளந்து உறுதி செய்யுங்கள்

அளக்க மின்சாரம் வேண்டும். அதற்கு முன், ஹசார்டு ஸ்விட்ச், ஏசி கன்ட்ரோல், பயணி ஏர்பேக் விளக்கு என்று நீங்கள் கழற்றிய எல்லாவற்றையும் தற்காலிகமாக மீண்டும் செருகுங்கள். அவை இல்லாமல் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து அப்படியே நிற்கக்கூடும். அதை அணைக்க ஸ்கேனர் தேவைப்படும். எல்லாம் செருகிய பிறகே பேட்டரியை இணையுங்கள்.

டெஸ்ட் லாம்ப் பயன்படுத்தாதீர்கள். அது மின்சாரத்தை இழுக்கும். ஏர்பேக் வயரில் தவறிப் பட்டால் விளைவு மோசமாக இருக்கும். மல்டிமீட்டர் மட்டும் போதும். மஞ்சள் உறை போட்ட கார் வயர்களும் மஞ்சள் பிளக்குகளும் பொதுவாக ஏர்பேக்குக்குரியவை. உங்கள் புதிய யூனிட்டின் மஞ்சள் வயருக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கார் பக்க பிளக்கில் இவற்றைத் தேடுங்கள்:

- சாவி எந்த நிலையில் இருந்தாலும் 12 வோல்ட் காட்டுவது நிரந்தர மின்சாரம்.
- சாவியை அக்சஸரி நிலைக்குத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் காட்டுவது ஸ்விட்ச் வழி மின்சாரம்.
- பார்க்கிங் விளக்கைப் போட்டால் மட்டும் உயிர் பெறுவது ஒளிக்கான வயர்.
- காரின் உலோக உடலோடு கிட்டத்தட்ட பூஜ்ய ஓம் காட்டுவது எர்த். இதைப் பேட்டரியைக் கழற்றிய பிறகு அளங்கள்.

ஐஎஸ்ஓ என்ற தர அளவு பிளக் உள்ள கார்களில், மின்சாரத்துக்கான ‘ஏ’ பிளாக்கின் 4ஆம் பின் நிரந்தர மின்சாரம், 7 ஸ்விட்ச் வழி, 8 எர்த். ஆனால் சில ஐரோப்பியக் கார்களில் 4உம் 7உம் இடம் மாறியிருக்கும். அதனால்தான் ‘பிளக் பொருந்துகிறது, அளக்க வேண்டியதில்லை’ என்ற நம்பிக்கை கவிழ்த்துவிடுகிறது.

ஸ்விட்ச் வழி மின்சாரம் எங்குமே கிடைக்காமல், இரண்டு வயர்களில் 2.5 வோல்ட்டை ஒட்டிய அளவு தெரிந்தால் அது கேன் பஸ்ஸாக, அதாவது காரின் கன்ட்ரோல் யூனிட்டுகள் தகவல் பரிமாறும் வயராக, இருக்க வாய்ப்பு அதிகம். அதில் எதையும் இணைக்காதீர்கள். அந்தக் காருக்குரிய கேன் அடாப்டர்தான் வழி. ஸ்டீயரிங் பொத்தான்களும் அதன் மூலம்தான் வேலை செய்யும்.

ஸ்பீக்கர் வயர்களை ஓம் நிலையில் வைத்து அளங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 2 ஓமை ஒட்டி வந்தால் அது பெரும்பாலும் கம்பெனி ஆம்ப்போடு வந்த சிஸ்டம். அந்த ஸ்பீக்கர்களைப் புதிய யூனிட்டில் நேரடியாக இணைத்தால் அதன் உள் ஆம்ப் சூடேறிக் கெடும். ஸ்பீக்கர் வயர் எதுவாவது உடலோடு எர்த் ஆகியிருந்தாலும் நேரடியாக இணைக்கக் கூடாது. புதிய யூனிட்டின் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. அந்த ஸ்பீக்கருக்குத் தனியாக இரண்டு வயர் இழுக்க வேண்டும்.

அளந்து எழுதியதும் பேட்டரி மைனஸை மறுபடி கழற்றிவிடுங்கள். சாவியைத் திருப்பியிருக்கிறீர்கள் என்பதால் அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பு மீண்டும் உண்டு.

6. ஹார்னஸை மேசையில் வைத்துக் கட்டுங்கள்

காருக்குள் குனிந்துகொண்டு வயர் முறுக்குவதுதான் மோசமான இணைப்புகளுக்கு முதல் காரணம். புதிய யூனிட்டின் வயர்களையும் ஹார்னஸ் அடாப்டரையும் மேசையில் பரப்பிச் செய்யுங்கள். பெரும்பாலான யூனிட்டுகளில் நிறங்கள் இப்படி இருக்கும்:

- மஞ்சள்: நிரந்தர 12 வோல்ட்
- சிவப்பு: ஸ்விட்ச் வழி 12 வோல்ட்
- கறுப்பு: எர்த்
- நீலம்: மின் ஆன்டெனா
- நீலம், வெள்ளைக் கோடு: ஆம்ப் ரிமோட்
- ஆரஞ்சு, வெள்ளைக் கோடு: ஒளி மங்கல்
- வெள்ளை: முன் இடது ஸ்பீக்கர்
- சாம்பல்: முன் வலது
- பச்சை: பின் இடது
- ஊதா: பின் வலது

ஸ்பீக்கர் வயர்களில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

உறையை 6 அல்லது 7 மி.மீ. உரித்து, பட் கனெக்டரில் செருகி, அழுத்தி, பிறகு இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அந்த இணைப்பு காரில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. சோல்டர் செய்வதும் சரியே, ஆனால் சோல்டர் முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் முறியும். அந்த இடத்தைத் தாண்டி ஹீட் ஷ்ரிங்க் போட்டு வயரைக் கட்டிவிடுங்கள். பயன்படாத வயர்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே மூடுங்கள். ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றினால் உள்ளே ஒன்றோடொன்று தொடும்.

திரையுள்ள யூனிட்டுகளில் வெளிர்பச்சை வயர் ஹேண்ட் பிரேக் ஸ்விட்சுக்குப் போக வேண்டும். அதை எர்த்தில் கட்டி ஏமாற்றச் சொல்பவர்கள் நிறைய. ஓடும் காரில் வீடியோ ஓடாமல் தடுக்கத்தான் அந்த வயரே இருக்கிறது. அதற்குரிய இடத்தில் இணையுங்கள்.

7. ஆன்டெனாவும் மைக்கும்

துணிக்கூரைக் காரின் ஆன்டெனா பெரும்பாலும் ஃபெண்டரில் நிற்கும் கம்பி, அல்லது உடலுக்குள் ஒளித்த, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வகை. ஏறி இறங்கும் மோட்டார் கம்பி என்றால் நீல வயரை மோட்டாருக்கு நேராகக் கொடுக்காதீர்கள். அந்த வயர் சில நூறு மில்லியாம்பியர்தான் தாங்கும். மோட்டாரின் ரிலேயை இயக்கும் வயருக்கே அது போக வேண்டும். நீல வயருக்குப் பதிலாக வெள்ளைக் கோடு போட்டதை இணைத்தால், ப்ளூடூத்தில் பாட்டு கேட்கும்போதும் கம்பி ஏறி நிற்கும்.

பூஸ்டர் வகை என்றால் அதற்கு மின்சாரம் தரும் அடாப்டர் வேண்டும். இல்லையென்றால் நகரத்துக்குள் எஃப்எம் எடுக்கும், கொஞ்சம் தள்ளிப் போனதும் இரையும்.

ப்ளூடூத் மைக்கை முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒட்டுவது மூடிய காரின் வழக்கம். இங்கே காற்று அடிக்கும் இடம் அதுதான். ஸ்டீயரிங் தண்டின் மேலுறையில், மீட்டர்களுக்கு முன்னால், காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். ஃபோம் உறையும் போடுங்கள். இரட்டைப் பக்க டேப் சூட்டில் விட்டுவிடும், கிளிப்பால் பிடித்து வையுங்கள்.

8. ஸ்க்ரூ போடும் முன் சோதியுங்கள்

எல்லா பிளக்குகளையும் செருகி, யூனிட்டைத் துணிமேல் படுக்க வைத்து, பேட்டரியை இணையுங்கள். சாவி போட்டால் எழ வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும், மறுபடி போட்டால் முன்பு வைத்த ஸ்டேஷன் அப்படியே இருக்க வேண்டும். ஒலியை இடம், வலம் நகர்த்தும் பேலன்ஸையும் முன், பின் நகர்த்தும் ஃபேடரையும் நான்கு மூலைக்கும் கொண்டுபோய் ஒவ்வொரு ஸ்பீக்கரும் சரியான இடத்தில் ஒலிக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது கண்ணாடிகளைச் சீராக்குங்கள். பல கார்களில் முழுவதும் இறக்கிச் சில நொடி பொத்தானைப் பிடித்து, முழுவதும் ஏற்றிச் சில நொடி பிடித்தால் நினைவு திரும்பும். உங்கள் காருக்குரிய முறை கையேட்டில் இருக்கும். கண்ணாடி ஒழுங்காக ஏறி இறங்கிய பின்பே கூரையை இயக்குங்கள். கூரை நகரும் முன் கண்ணாடிகள் இறங்குவதை எதிர்பார்க்கும் அமைப்பு அது. கூரை பம்ப் நிறைய மின்சாரம் தின்னும் என்பதால் அப்போது எஞ்சின் ஓடட்டும்.

9. உள்ளே பொருத்துங்கள்

3ஆம் படியில் போலவே கண்ணாடிகளை இறக்கி, கூரையை முழுவதும் திறந்தோ மூடியோ வைத்து, சாவியை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, அதே காத்திருப்புக்குப் பிறகு தொடருங்கள். அவசரத்தில் இதை விடுபவர்கள், உலோகக் கூடு ஒரு வயரை நசுக்கியதும் ஃபியூஸ் போவதைப் பார்ப்பார்கள்.

யூனிட்டின் பக்கவாட்டுத் துளைகளில் உடன் வந்த ஸ்க்ரூக்களை மட்டும் போடுங்கள். அவை குட்டையானவை. நீளமானவை உள்ளே சர்க்யூட் போர்டைக் குத்தும். பின்பக்கம் ஒரு தாங்கு பட்டையும் வேண்டும். கூரையில்லாத காரின் உடல் குண்டும் குழியுமான சாலையில் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். முன்பக்கக் கூடு மட்டும் யூனிட்டைத் தாங்கினால் கிறீச்சிடும்.

வயர் கட்டை ஃபோமில் சுற்றினால் பிளாஸ்டிக்கில் மோதி ஒலிக்காது. ஆனால் ஃபோமின் கீழ்ப்புறம் திறந்திருக்கட்டும், தண்ணீர் வந்தால் வடிய வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். அப்போது வயர் வழியே வரும் சொட்டு பிளக்குக்குள் போகாமல் வளைவின் அடியில் விழும். பின் ஸ்பீக்கருக்குப் புதிய வயர் இழுப்பவர்கள், பேட்டரியைக் கழற்றும் முன்பே கூரையின் கீல்களையும் கைகளையும் ஒருமுறை முழுவதும் ஓடவிட்டுப் பார்த்து, அவை தொடாத பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாம் மூடியதும் பேட்டரியை இணைத்து, கண்ணாடிகளை மீண்டும் ஒருமுறை சீராக்குங்கள்.

10. கூரை திறந்த நிலைக்கு ஒலியை அமையுங்கள்

காற்றிரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அதை வெல்ல பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, கூட்டுவது இயல்பான எண்ணம், ஆனால் தவறு. கதவு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) எல்லையைத் தட்டி உளறும், காதுக்கும் எதுவும் கூடுதலாக எட்டாது. முன் ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸ் 100 ஹெர்ட்ஸ் வையுங்கள். இருக்கைத் தலையணைக்குள் சிறு ஸ்பீக்கர் உள்ள கார்களில், எடுத்துக்காட்டாக முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 சிலவற்றில், அவற்றுக்கு 150 முதல் 200 வரை. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை இரண்டு மூன்று டெசிபல் கூட்டினால் பாடகரின் குரல் காற்றுக்கு மேலே தெரியும்.

இதைத் தனி ப்ரீசெட்டாகச் சேமியுங்கள், கூரை மூடிய நிலைக்கு இன்னொன்று. ஒரே அமைப்பில் இரண்டையும் சமாளிக்க முடியாது. திறந்ததற்கு வைத்தது மூடியதும் காதைக் குத்தும்.

ஆம்ப் சேர்ப்பதானால் இருக்கைக்கு அடியில் தரையோடு வைக்காதீர்கள். கன்வெர்ட்டிபிளில் தரை விரிப்பு முதலில் நனையும் இடம் அது.

11. கோளாறும் காரணமும்

அணைக்கும்போதெல்லாம் அமைப்புகள் அழிகின்றன: மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியுள்ளன.

சில நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது: சிவப்பும் நிரந்தர மின்சாரத்தில் இணைந்துள்ளது.

எஞ்சின் வேகத்துக்கேற்ப ஊளைச் சத்தம்: எர்த் சரியில்லாமல் மின்சாரம் ஆன்டெனா உறை வழியே திரும்புகிறது, அல்லது ஆர்சிஏ கேபிள் ஆம்ப்பின் பவர் வயரோடு ஒரே பக்கமாகப் போகிறது.

பேஸ் இல்லாமல் ஒலி மெலிந்திருக்கிறது: ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியுள்ளது. அந்த ஸ்பீக்கரின் இரு வயர்களையும் யூனிட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே நகர வேண்டும்.

ஓசை உயர்ந்தால் யூனிட் தானே அணைகிறது: நசுங்கிய ஸ்பீக்கர் வயர் உடலைத் தொடுகிறது, அல்லது ஸ்பீக்கரின் ஓம் மிகக் குறைவு.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது: எங்கோ ஷார்ட் இருக்கிறது. 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போட்டால் அடுத்து எரிவது வயர்.

கூரையை இயக்கும்போது மட்டும் யூனிட் அணைந்து எழுகிறது: பம்ப் இழுக்கும் மின்சாரத்தில் வோல்டேஜ் சரிகிறது. முதலில் பேட்டரியின் நலத்தைச் சோதியுங்கள். எஞ்சின் அணைந்த நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். அது சரியாக இருந்தால் மஞ்சள் வயரையும் எர்த்தையும் கூரை இயங்கும்போதே மீட்டரில் பாருங்கள். இரண்டில் எது சரிகிறதோ அந்த இணைப்பை மட்டும் பிரித்து மீண்டும் கிரிம்ப் செய்தால் போதும்.